‘நாளைக்குக் கண்டிப்பா வந்துடறேன்’: ஒரு பிளம்பரின் நேரக் கணக்கு

நான்காவது நாள் நான் போனபோது அந்த வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டவில்லை. வேறு யாரோ வந்து மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள், பழைய குழாய் வாசல் ஓரமாகக் கிடந்தது. ஆறேழு வருடமாகப் பழக்கமான வீடு அது, மேலே டேங்க் வைத்ததிலிருந்து சமையலறை சிங்க் வரை எல்லாம் என் கைபட்டதுதான். திங்கட்கிழமை கூப்பிட்டார்கள், நாளைக்கு வரேன் என்றேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள், சாயந்தரம் கண்டிப்பா வந்துடறேன் என்றேன். புதன்கிழமை அவர்கள் கூப்பிடவில்லை, அதையே நல்லதாக எடுத்துக்கொண்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன். வியாழக்கிழமை போய் நின்றால் இந்தக் காட்சி. அந்த அம்மா கோபப்படவே இல்லை. "முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வேற ஆளைப் பாத்திருப்பேன் தம்பி. மூணு நாள் எங்கயும் போகாம வீட்டுலயே உக்காந்திருந்தேன்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

வண்டியில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்று நாளில் நான் சும்மா ஒன்றும் இருக்கவில்லை. காலை ஏழரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வீடு சேர்ந்தேன், நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டது ஒருநாள்தான். அப்படியும் அந்த மூன்று நாளில் நான் வருவதாகச் சொல்லிப் போகாத வீடுகள் நான்கு. வேலையில் குறை என்று யாரும் சொன்னதில்லை, சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்பதுதான் பேச்சு. அதையும் என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லாததால் நான் நல்ல தொழில்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தனியாகத் தொழில் தொடங்குவதற்கு முன்பு ஒரு கான்ட்ராக்டரிடம் பத்து வருடம் வேலை பார்த்தேன். அங்கே நேரம் என்பது அவருடைய தலைவலி. காலையில் எந்த சைட் என்று சொல்வார், போவேன், பைப் ஓட்டுவேன், மாலையில் கைகழுவிவிட்டு வருவேன். சாமான் வரவில்லையா, கொத்தனார் சுவரை உடைத்துத் தரவில்லையா, அவர் போனில் கத்துவார், நான் நிழலில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கத்தல் எல்லாம் ஒரு வேலை என்றே எனக்கு அப்போது தெரியாது. சொந்தமாக வந்த முதல் மாதமே அந்த வேலை மொத்தமாக என் தலையில் விழுந்தது, அதை நான் கவனிக்கக்கூட இல்லை. யார் கூப்பிட்டாலும் சரி சரி என்றேன். எல்லாம் மனசில் இருக்கிறது என்றேன். மனசில் இருந்ததெல்லாம் ஏணி மேல் நின்று ஒரு பழைய எல்போவை (பைப் திரும்பும் இடத்தில் உள்ள வளைவுத் துண்டு) கழற்றும்போது எங்கே போனதென்று தெரியாது.

சரி, அந்த அம்மா வீட்டுக்குப் பிறகு நான் செய்த முதல் காரியம் ஒரு நோட்டு வாங்கியதுதான். அட்டவணை போடுவதற்கு வாங்கவில்லை, நடந்ததை எழுதுவதற்கு. இது முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் முதலிலேயே ஆப் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு கலர் கலராக நேரம் பிரிக்கிறார்கள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதே தெரியாமல் பிரித்தால் அது இரண்டாம் நாளே கலைந்துவிடும். நான் இரண்டு மாதம் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் போவதற்கு முன் எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறேனோ அதை எழுதினேன், முடிந்த பிறகு உண்மையில் எவ்வளவு ஆனது என்று பக்கத்தில் எழுதினேன். கணக்கு எங்கிருந்து எதுவரை என்பதில் மட்டும் ஒரு விதி வைத்தேன். முந்தைய இடத்திலிருந்து வண்டியை எடுத்த நிமிடத்தில் தொடங்கி, இந்த இடத்திலிருந்து வண்டியை எடுக்கும் நிமிடத்தில் முடியும்.

குழாய் மாற்றுவதற்கு அரை மணி நேரம் என்றுதான் எழுதியிருந்தேன், எல்லா இடத்திலும். உண்மையில் ஒன்றேகால் மணிக்குக் குறைந்து ஒன்றுகூட முடியவில்லை. ரிஞ்சைக் கையில் வைத்திருந்த நேரம் என்னவோ அரை மணிதான், அதில் என் கணக்கு சரி. மிச்சம் எல்லாம் எங்கே போனது என்று பார்த்தால், வண்டி நிறுத்த இடம் தேடியது, மாடிக்கு டூல் பேக்கையும் ஏணியையும் தூக்கியது, வீட்டுக்காரர் பிரச்சினையை ஆரம்பத்திலிருந்து விளக்கியது (இதை நிறுத்தச் சொல்ல முடியாது, நிறுத்தவும் கூடாது, பல தடவை பிரச்சினையின் வேரே அந்தப் பேச்சில்தான் வரும்), மெயின் வால்வு எங்கே என்று தேடியது, தேடிக் கண்டுபிடித்த வால்வு மூடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, டேங்கிலிருந்து வரும் தண்ணீர் வடியும்வரை நின்றது, நிப்பிள் என்ற குட்டி இணைப்புத் துண்டு ஒன்று இல்லாமல் கடைக்கு ஓடியது, கடைசியில் தரையைத் துடைத்து, திறந்து மூடிக் காட்டி, பணம் வாங்கி, விடைபெற்றது. இதில் எதையும் வேலை இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நேரம் சொல்லும்போது நான் இதில் ஒன்றையும் சேர்த்ததில்லை.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் பெரியது. "வந்தது வந்தீங்க, இதையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்." இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இந்த வாக்கியம் தெரியும். நோட்டில் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இது நடந்திருந்தது. பிளஷ் டேங்க் சத்தம் போடுகிறது, மாடிக் குழாயில் அழுத்தம் இல்லை, வாஷ்பேசின் அடியில் ஈரமாக இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வராது, அதோடு கூடுதல் வருமானமும்தான். இப்போது நான் செய்வது, போனிலேயே கேட்டுவிடுகிறேன்: "வேற எங்கயாவது சொட்டுதா, அடைக்குதா, ஒரு சுத்து பாத்துட்டு சொல்லுங்க, அதுக்கும் சேர்த்து சாமானும் நேரமும் எடுத்துட்டு வரேன்." பாதிப் பேர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டு மூன்று வேலை சொல்கிறார்கள். போன இடத்தில் புதிதாக ஏதாவது முளைத்தால், பதினைந்து நிமிடத்துக்குள் முடியும் என்றால் செய்துவிடுவேன், அதற்கு மேல் என்றால் பார்த்து, படம் எடுத்து, நோட்டில் எழுதி, வேறொரு நாள் சொல்லிவிட்டு வருவேன். எழுதுவதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் வற்புறுத்துவதில்லை.

நேரத்தைக் குறைத்துக் கணிப்பது எனக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்திருந்தேன், அப்படியும் இல்லை. இதற்குப் பிளானிங் ஃபாலசி (திட்டமிடும்போது வரும் தப்புக் கணக்கு) என்று 1979இலேயே டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். சரி, எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 என்றார்கள். கடைசியில் ஆனது 55.5 நாள். படித்தவர்கள் மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கே போதவில்லை என்றால் ஏணி மேல் நின்றுகொண்டு போனில் நான் சொல்லும் கணக்கு எந்த மூலைக்கு? இதற்கு மருந்தாக நான் கண்டது ஒன்றுதான், இந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்று நோட்டைத் திருப்பிப் பார்ப்பது. குழாய் மாற்றம் ஒன்றரை மணி. பிளஷ் டேங்க் உள்சாமான் ஒன்றேமுக்கால். ஹீட்டர் மாட்டுவது மூன்று மணி. இவை என் கை, என் வண்டி, நான் சுற்றும் தூரத்துக்கு ஆன கணக்கு. உங்கள் கணக்கு உங்கள் நோட்டில்தான் கிடைக்கும்.

அப்புறம் காய்கிற வேலைகள். எங்கள் தொழிலில் கை வேலை முடிந்தாலும் வேலை முடியாத இடங்கள் நிறைய. பிளாஸ்டிக் பைப்பை சால்வென்ட் என்ற பசை போட்டு ஒட்டினால் உடனே பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருக்கும், ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு உறைவதற்கு வேறு நேரம் வேண்டும், டப்பாவிலேயே போட்டிருப்பார்கள், பைப் பெரிதாக இருந்தாலோ குளிர், ஈரம் இருந்தாலோ இன்னும் கூடும். சிங்க் ஓரத்தில் சிலிக்கான் வைத்தால் மேலே சீக்கிரம் தோல் கட்டிவிடும், உள்ளே காய ஒரு நாளாவது ஆகும். குளியலறைத் தரையில் வாட்டர் ப்ரூஃபிங் செய்தால் தண்ணீர் கட்டி வைத்துக் குறைந்தது 24 மணி நேரம் கீழ்த்தளத்தில் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ்காரரை விட வேண்டும். சுவருக்குள் போகும் லைன் என்றால் பூசுவதற்கு முன்னால் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை நான் ஆரம்பத்தில் அட்டவணையிலேயே காட்டியதில்லை. ஒட்டியாச்சு, முடிஞ்சாச்சு, அடுத்த வீடு.

அதன் பலனையும் ஒருநாள் பார்த்தேன். ஒரு மாடி வீட்டில் சுடுதண்ணீர் லைன் மாற்றினேன், மாலை நேரம், அடுத்த வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. ஒட்டி முடித்து அரை மணிகூட ஆகவில்லை, வால்வைத் திறந்தேன், ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன், கசிவு இல்லை, கிளம்பிவிட்டேன். இரவு பதினோரு மணிக்கு போன். இரண்டு பைப்பைச் சேர்க்கும் கப்ளிங் ஒன்று அப்படியே கழன்று, கட்டில் வரை தண்ணீர். அந்த இரவு இரண்டு மணிவரை தண்ணீரை வாரி வெளியே கொட்டினேன், மறுநாள் காலை வேலை இரண்டும் தள்ளிப்போயின, மெத்தைக்குப் பணம் கொடுத்தேன். நான் மிச்சம் பிடித்த நேரம் சில மணி, செலவானது இரண்டு நாள். அதிலிருந்து ஒட்டுகிற வேலை என்றால் நோட்டில் இரண்டு கட்டம் போடுகிறேன், ஒன்று ஒட்டுவதற்கு, இன்னொன்று மறுபடி வந்து திறப்பதற்கு. நடுவில் உள்ள நேரத்தில் அதே பகுதியில் சின்ன வேலைகளை வைத்துக்கொள்வேன், குழாய் வாஷர், ஷவர் மாற்றுவது, அந்த மாதிரி தண்ணீரைப் பெரிதாக நிறுத்தத் தேவையில்லாதவை. முடியாவிட்டால் இரவு முழுக்க விட்டு மறுநாள் முதல் வேலையாகத் திறப்பேன். வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், யாரும் சண்டைக்கு வரவில்லை.

பழைய இரும்பு பைப்பைப் பற்றித் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறேன், மாலை 4 மணிக்கு மேல் அதில் ரிஞ்ச் வைப்பதில்லை. துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் ஒரு குழாயைக் கழற்றப் போனால் குழாய் வராது, சுவருக்குள் இருக்கும் மரை ஒடிந்து கையோடு வரும், அப்புறம் சுவரை உடைக்க வேண்டும், பைப் வெட்ட வேண்டும், கடை மூடியிருக்கும், வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. இது எப்போதாவது நடப்பது என்று யாராவது சொன்னால் அவர் பழைய வீடுகளில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். எது எப்படித் திரும்பும் என்று தெரியாத வேலை எல்லாம் காலை முதல் வேலை. விடுமுறைக்கு முந்தின நாள் மதியத்துக்கு மேல் எதையும் பிரித்துப் போடுவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகச் சரி செய்தேன். முன்பெல்லாம் மணி அடித்தால் எடுத்துவிடுவேன், கை ஈரமாக இருந்தாலும் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுவேன், அந்த நிலையில் சொன்ன எந்த நேரமும் நிஜமாக இருந்ததில்லை. பேச்சை முடிக்க வேண்டுமே என்று சொன்ன நேரம் அது. இப்போது வேலையில் இருக்கும்போது எடுப்பதில்லை. ‘வேலையில் இருக்கிறேன், 1 மணிக்கும் 6 மணிக்கும் கூப்பிடுவேன். தண்ணீர் நிற்காமல் கொட்டினால் அவசரம் என்று மெசேஜ் போடுங்கள்’ என்று ஒரு பதிலை வாட்ஸ்அப்பில் தயாராக வைத்திருக்கிறேன், தவறிய அழைப்புக்கெல்லாம் அடுத்த பைப்பைத் தொடும் முன் அதை அனுப்பிவிடுவேன். சொன்ன 1 மணிக்கும் 6 மணிக்கும் வண்டியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுவேன். ஆர்டர் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். ஒன்றிரண்டு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவர்களை நானும் எப்படியும் மூன்று நாள் அலையவிட்டிருப்பேன்.

அந்த அழைப்பில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுவது பாதி வேலை. ஒரு படமும் பத்து நொடி வீடியோவும் அனுப்பச் சொல்வேன், சொட்டும் இடம் மட்டுமில்லாமல் இரண்டு அடி தள்ளி நின்று எடுத்ததும் வேண்டும், அப்போதுதான் என்ன பைப், எந்த அளவு, கை நுழைய இடம் இருக்கிறதா என்று தெரியும். மெயின் வால்வை ஒரு தடவை மூடிப் பார்க்கச் சொல்வேன். மூடவில்லை என்றால் அதுவே இன்னொரு வேலை, அதற்கு நேரம் தனி. எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, அந்த நேரத்தில் முடிவெடுக்கக்கூடிய ஆள் வீட்டில் இருப்பாரா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் போய் நின்றுகொண்டு, "அவர் வந்ததும் கேட்டுட்டு சொல்றோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அவசரம் என்று வருபவற்றில் நிஜ அவசரம் கொஞ்சம்தான். சொட்டுவது அவசரம் இல்லை. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர், ஒன்றிரண்டு வாளியில் அடங்கும், அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தியும் கொள்ளலாம். பிளஷ் டேங்க் நிற்காமல் ஓடினால் பக்கத்தில் இருக்கும் ஆங்கிள் வால்வை வலப்பக்கம் திருப்பி மூடச் சொல்வேன், வாளியில் தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பார்கள். பைப் வெடித்தால் மெயின் வால்வு, அது மூடாவிட்டால் டேங்க் அடியில் உள்ள வால்வு, கூடவே மோட்டாரை நிறுத்து. மின்சார ஸ்விட்ச் பக்கம் தண்ணீர் போனால்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவேன், ஓடும் முன்னால் மெயின் ஸ்விட்சை ஈரமில்லாத இடத்தில் நின்று அணைக்க முடியுமா என்று கேட்பேன், முடியாதென்றால் வெளியே நிற்கச் சொல்வேன். இப்படி ஐந்து நிமிடம் போனில் செலவழித்தால் இன்று இரவு அவசரம் நாளை காலை வேலையாக மாறிவிடுகிறது. புது வாடிக்கையாளர் வீட்டில் முதல் தடவை வேலை முடித்ததும் வால்வுகள் எங்கெங்கே என்று கூட்டிப்போய்க் காட்டி, மார்க்கரில் வால்வு மேலேயே எழுதிவிட்டு வருவதும் இதற்காகத்தான். இலவச சேவை என்று அவர்கள் நினைக்கிறார்கள், என் தூக்கத்துக்காகச் செய்வது.

இதெல்லாம் செய்தும் முதல் நான்கைந்து மாதம் வாரக் கடைசியில் வேலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. நேரக் கணிப்பு சரியாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு நாளையும் காலை முதல் மாலை வரை முழுசாக நிரப்பியிருந்தேன். இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகள்தான் ஒருநாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல இடமே இல்லையே" என்றாள். 1909இல் டென்மார்க்கில் எர்லாங் என்பவர் தொலைபேசி இணைப்புகளுக்காகக் கணக்குப் போட்டு, அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறதாம், வரிசையில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று சொல்லும் கணக்கு. வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் இழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒற்றை ஆள் தன் நேரத்தில் பாதியை நிரப்பினால், வருகிறவர் சராசரியாக ஒரு வேலை முடியும் அளவு நேரம் காத்திருப்பார். 80 சதவீதம் நிரப்பினால் நான்கு வேலை அளவு. 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. நான் நூறுக்கு நிரப்பியிருந்தேன். நூறு என்றால் வரிசை முடியவே முடியாது என்றாள். அவள் தாளில் போட்ட கோட்டைப் பார்த்ததும் அந்த மூன்று நாள் காத்திருந்த அம்மா ஞாபகம்தான் வந்தது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு அரைநாள் காலியாக விடுகிறேன், புதன் மதியமும் வெள்ளி மதியமும். சொல்வது எளிது, முதல் வாரம் ஒரு நல்ல ஆர்டரை அந்த இடத்தில் போடாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளியபோது பணத்தைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருந்தது. ஆனால் அந்த மதியங்கள் ஒன்றுகூடச் சும்மா போகவில்லை. திங்கள், செவ்வாயில் இழுத்த வேலை புதனில் முடிகிறது, திடீரென்று வெடித்த பைப் அங்கே உட்காருகிறது, எதுவும் வராவிட்டால் வண்டியைச் சுத்தம் செய்து சாமான் நிரப்புகிறேன். வருமானம் குறைந்ததா என்று கேட்டால், முதல் மாதம் கொஞ்சம் குறைந்தது, அதற்கு மேல் குறையவில்லை. இரண்டாவது தடவை ஒரே வீட்டுக்குப் போவது குறைந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நேரம் சொல்லும் விதத்தையும் மாற்றினேன். நாளின் முதல் வேலைக்கு மட்டும்தான் மணி சொல்வேன், 9 என்றால் 9. அடுத்த வேலைகளுக்கு ‘11லிருந்து 1க்குள்’ என்று ஒரு இடைவெளி, அதற்குள் வண்டியை எடுக்கும்போது ஒரு மெசேஜ். தாமதமாகிறது என்று தெரிந்த நிமிடத்திலேயே சொல்லிவிடுவேன், சொன்ன நேரம் தாண்டிய பிறகு சொல்வதில்லை. இந்தச் சின்ன மெசேஜை அனுப்ப எனக்குப் பல மாதம் கூச்சமாக இருந்தது, தவறை ஒப்புக்கொள்கிற மாதிரி. அனுப்பத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் வந்த பதில் பெரும்பாலும் "சரிங்க, நானும் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்பதுதான். அவர்களுக்கும் ஒரு நாள் இருக்கிறது, அதில் அவர்களுக்கும் வேலைகள் இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புதுக் கட்டட சைட் வேலை வேறு ரகம். அங்கே என் நேரம் என் கையில் இல்லை, கொத்தனார், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர் மூன்று பேர் கையில் இருக்கிறது. "திங்கட்கிழமை வாங்க, சைட் ரெடி" என்பார்கள், போனால் சுவரே ஏறியிருக்காது. அப்படி எத்தனை திங்கட்கிழமைகளை இழந்தேன் என்று எண்ணாமல் விட்டுவிட்டேன். இப்போது முந்தின நாள் மாலை 5 மணிக்குள் வேலை செய்ய வேண்டிய சுவரின் படம் வர வேண்டும். படம் வரவில்லை என்றால் மறுநாள் காலை நான் ஏதாவது வீட்டு வேலைக்குப் போய்விடுவேன், அதற்கென்று தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்ட இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் எப்போதும் கைவசம் இருப்பார்கள். ஒரு சைட்காரர் இதற்குக் கோபித்துக்கொண்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

எஸ்டிமேட் பார்க்கப் போவதும் நேரம் தின்னும் பிசாசு. முன்பு யார் கூப்பிட்டாலும் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டு வருவேன், பத்து நிமிடம் என்று இறங்கி முக்கால் மணி. இப்போது சனிக்கிழமை காலை மட்டும், ஒரே திசையில் நான்கு வீடு. பார்த்த இடத்திலேயே அளவும் படமும் எடுத்து, அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் முன் வண்டியில் உட்கார்ந்து கணக்கை அனுப்பிவிடுவேன். இரவு எழுதலாம் என்று வைத்தால் எழுத மாட்டேன், அது எனக்குத் தெரியும். பில்லும் அப்படித்தான், வேலை முடித்த வீட்டு வாசலிலேயே. சாமான் பற்றி ஒரு வரி: எந்தப் பொருளுக்காக வேலை நடுவில் கடைக்கு ஓடினேனோ அதை அன்றே இரண்டாக வாங்கி ஒன்றை வண்டியில் போட்டுவிடுவேன், ஒரு வருடத்தில் வண்டியே பாதிக் கடை ஆகிவிட்டது.

முடியாது என்று சொல்வது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்கு எனக்கு உதவியது, அதே தொழிலில் இருக்கும் ஒரு அண்ணனோடு செய்துகொண்ட ஏற்பாடு. என்னிடம் இடம் இல்லாதபோது அவர் நம்பரைக் கொடுப்பேன், அவரிடம் இல்லாதபோது என் நம்பர். "அண்ணே, ஒரு வாஷ்பேசின் லீக், உங்க பக்கம்தான்" என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன், கேட்காமல் தள்ளிவிட்டால் அது இன்னொரு பொய்யான ‘வரேன்’. வாடிக்கையாளரைப் பறித்துக்கொள்வாரோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. ஒன்றிரண்டு பேர் அவரிடமே தங்கிவிட்டார்கள் என்பதும் உண்மை, அவரிடமிருந்து வந்து என்னிடம் தங்கியவர்களும் உண்டு, கணக்குப் பார்க்க வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

அந்த அம்மா ஒன்றரை வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். சிங்க் அடியில் கசிகிறது என்றார். வண்டியில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை வரை ஒரு கட்டமும் காலி இல்லை, புதன் மதியம் மட்டும் இருந்தது, ஆனால் அதற்குள் இன்னும் அவசரமாக ஏதாவது வரலாம். பழைய கடனுக்காக எதையாவது தள்ளிவிட்டு நாளைக்கே ஓட வேண்டும் என்றுதான் வாய் வந்தது. "அம்மா, அடுத்த செவ்வாய் 11லிருந்து 1க்குள்ளதான் வர முடியும், அவசரம்னா இன்னொரு நல்ல ஆள் நம்பர் தரேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "செவ்வாய்க்கிழமையே வாங்க, அதுவரைக்கும் கீழ ஒரு டப்பா வைச்சுக்கறேன்" என்றார். போன நேரம் 12.10.

அடைப்பு வேலைக்கு மட்டும் எனக்கு இன்னும் நேரம் சொல்ல வரவில்லை. இருபது நிமிடத்தில் பைப்புக்குள் ஸ்பிரிங் கம்பி விட்டு எடுத்ததும் உண்டு, ஒரு சேம்பரிலிருந்து (கழிவுநீர் லைனில் உள்ள மூடி போட்ட தொட்டி) இன்னொரு சேம்பராக நாள் முழுக்கத் தேடியதும் உண்டு. நோட்டில் இரண்டு வருடக் கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்தும் ஒரு எண் கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கட்டத்தில் மணிக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன், அதற்குப் பிறகு அன்றைக்கு வேறு எந்த வேலையும் எழுதுவதில்லை. நாளைக்கு அப்படி ஒன்று இருக்கிறது.